அறுபத்தொன்றாவது பிள்ளை

2023 மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுக் காரைக்குடிக்குக் குடிவந்தோம். ஊர் புதுவயலைத் தாண்டி உள்ளே இருக்கிறது. குட்டியானை வண்டி இரண்டு நடை அடித்தது. கட்டில், பீரோ, கிரைண்டர், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏறின. அப்பத்தா சேர்த்து வைத்த மங்குச் சாமான்களை மட்டும் இரண்டாங்கட்டு அறையிலேயே விட்டுவிட்டோம். வாடகை வீட்டில் அவற்றுக்கு ஏது இடம்? ஆத்தா கடைசியாக வளவை ஒருமுறை கூட்டி, விளக்கேற்றி வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். சாவியை மூன்று வீடு தள்ளி இருக்கும் பங்காளி வீட்டு அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் குடிமாறியது பள்ளிக்கூடத்துக்காக. வேறு காரணம் எதுவும் கிடையாது. மகள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அது தொடக்கப் பள்ளி, அங்கே அதோடு சரி. மகன் ஒன்றாம் வகுப்பு முடித்து இரண்டாவதுக்குப் போக வேண்டும். காரைக்குடியில் நல்ல பெயர் எடுத்த அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இரண்டு பேருக்குமே இடம் கிடைத்தது.

நம் ஊரில் அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ இந்தத் தெருப் பிள்ளைகள்தான் வரலாம் என்று எல்லைக் கோடு கிடையாது. எங்கிருந்து வேண்டுமானாலும் வந்து சேரலாம். ஆனால் கோடு இல்லாமல் இல்லை, அதைப் பஸ் போடுகிறது. எங்கள் ஊருக்குக் காலை 7 மணிக்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் 8.40. முதல் பஸ்ஸில் ஏறினால் பிள்ளை 8 மணிக்கே போய்ப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்கும். இரண்டாவதில் ஏறினால் பிரேயர் முடிந்துவிடும். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம்தான், ஏறுவதற்குப் பஸ் வேண்டுமே. அதனால்தான் வீடு மாறினோம்.

இதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஆபீஸில் டீ குடிக்கும்போது பிள்ளைகளின் படிப்புப் பற்றிப் பேச்சு வந்தால், “நான் பீஸ் கட்டிப் படிக்க வைக்கிற ஆள் இல்லை” என்று சொல்லிவிடுவேன். படிப்பைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, அது எல்லோருக்கும் பொது என்பது என் கொள்கை. தனியார் பள்ளிக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் இளக்காரமாகவே பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. காரைக்குடி வீட்டுக்கு மாத வாடகை 9,500 ரூபாய். வருஷத்துக்கு 1,14,000. ஊரில் இருந்தது சொந்த வீடு, பங்கு வீடுதான் என்றாலும் வாடகை என்று ஒன்று இல்லை. ஊரிலேயே இருந்துகொண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் விசாரித்த பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வருஷம் 42,000. வேன் மாதம் 1,200, பத்து மாதத்துக்கு. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து 1,08,000. வாடகை அதைவிட 6,000 அதிகம். ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டதால் பெட்ரோல் மிச்சம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நல்ல பள்ளிக்காக நான் கொடுத்த காசும் பீஸ்தான். பள்ளி அலுவலகத்தில் கட்டாமல் வீட்டுக்காரரிடம் கட்டினேன், அவ்வளவுதான்.

வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பழைய வரி முறையில் இருக்கிறவர்கள் இரண்டு பிள்ளைகள் வரைக்கும் கல்விக் கட்டணத்தைக் கழிவாகக் காட்டலாம். வாடகை கொடுப்பவர்கள் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்கலாம். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் பீஸ் ரசீதை இணைத்தார், நான் வாடகை ரசீதை இணைத்தேன். அந்தப் படிவத்தில் இரண்டும் சலுகை கேட்கிற வேறு வேறு கட்டங்கள். கொள்கை எழுதக் கட்டம் ஏதும் இல்லை.

என் தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் கடல் தாண்டிய ஆள் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். அங்கே ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் தூரத்துக்கு முன்னுரிமை உண்டு. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் முதல் வரிசை, ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வரை அடுத்த வரிசை. இடம் பத்தாமல் போனால் குலுக்கல் போடுவார்கள். சேர்க்கைக்காகக் காட்டிய முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சும்மா முகவரி காட்டிவிட்டுப் போகிறவர்களைத் தடுக்க. தங்கை அந்த ஒரு கிலோமீட்டருக்குள் பார்த்துத்தான் அடுக்குமாடி வீடு வாங்கினாள். இரண்டு தெரு தள்ளியிருந்தால் இன்னும் குறைந்த விலைக்கு முடிந்திருக்கும் என்று அவளே சொன்னாள்.

“நான் பீஸா கட்டினேன்? வீடுதானேண்ணே வாங்கினேன். பள்ளிக்கூடத்துக்கு மாசம் சில வெள்ளிதான்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வார்த்தைதான் வேறு, பேச்சு என்னுடையது.

அவள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பீஸ் கட்டினவனுக்குக் கட்டின காசு திரும்பி வராது. நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்கினவர் பிள்ளை படித்து முடித்த பிறகு அதே வீட்டை, அதே பள்ளியைக் காட்டி, அடுத்த பெற்றோருக்கு விற்கலாம். இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே ஏறத்தாழ 7 சதவீதப் பிள்ளைகள் கட்டணப் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2025 ஜனவரி முதல் அந்தக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி போட்டுவிட்டார்கள். நல்ல அரசுப் பள்ளியின் எல்லைக்குள் கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்குகிறவரிடம், அந்தப் பள்ளிக்காக என்று யாரும் எதையும் கேட்பதில்லை. 2008-ல் பிரைட்டன் நகரத்தில், ஒரு பள்ளிக்கு அளவுக்கு மேல் விண்ணப்பம் வந்தால் தூரம் பார்க்காமல் அந்தப் பகுதிக்குள் குலுக்கல் என்று கொண்டுவந்தார்கள். வீடு வாங்கியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். அவர்கள் வாங்கியது வீடு மட்டும் என்றால் கோபம் வர என்ன இருக்கிறது?

சரி, ஊருக்கு வருகிறேன்.

2024 ஆடியில் வீட்டைத் திறந்து காற்றாட விடப் போயிருந்தேன். திரும்பும் வழியில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். நான் படித்த பள்ளி, என் பிள்ளைகளும் படித்த பள்ளி. ஒரே அறையில் நாலாம் வகுப்பு கிழக்குப் பலகையைப் பார்த்தும் ஐந்தாம் வகுப்பு மேற்குப் பலகையைப் பார்த்தும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தன. டீச்சர் கிழக்கில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, பிள்ளைகளைச் சுற்றி நடந்து மேற்குப் பக்கம் போய்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். இவர்கள் வாசிக்கிற சத்தத்தில் அவர்கள் கணக்குப் போட்டார்கள். ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு உதட்டசைத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் சேர்ந்து தரையில் இருந்தன. தலைமை ஆசிரியை அவர்களோடு இருந்தார்.

“மூணாவது டீச்சர் எங்கே?” என்று கேட்டேன்.

பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார் என்றார். அப்புறம் எப்படி என்றும் விளக்கினார். தொடக்கப் பள்ளிகளில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். 61 ஆகிவிட்டால் மூன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிற கணக்கு அது. ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் எத்தனை பிள்ளை என்பதை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். எங்கள் பள்ளியில் 2023 ஆகஸ்ட் 1 அன்று இருந்தது 60. உபரி என்று எழுதி ஒரு பணியிடத்தை எடுத்துவிட்டார்கள்.

அவர் என்னைக் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் எனக்குக் கூட்டத் தெரியும். என் மகள் எப்படியும் ஆறாம் வகுப்புக்கு வெளியே போயிருக்க வேண்டியவள், அவளை விட்டுவிடலாம். என் மகன் அந்த ஜூனில் இரண்டாம் வகுப்பில் அங்கேயே இருந்திருக்க வேண்டியவன். அவன் இருந்திருந்தால் 61.

அவனோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் இன்னும் அங்கேதான் படிக்கிறான். அப்பா கொத்தனார். கிடைக்கிற வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர். அவர்களால் குடிமாற முடியாது, பீஸ் கட்டவும் முடியாது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் சட்டத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் எல்கேஜியில் கேட்கலாம். ஆனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் கணக்கு அதிலும் உண்டு. எங்கள் ஊருக்கு ஒரு கிலோமீட்டரில் கண்மாயும் வயலும்தான் இருக்கின்றன, தனியார் பள்ளி எங்கே இருக்கிறது? பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவனுக்குத்தான் அந்த இலவச இடமும். அந்தப் பையனுக்கு இருந்தது மூன்றாவது டீச்சர் ஒருவர்தான்.

அன்றைக்குச் சாவி வாங்கியவர் என்று சொன்னேனே, அந்தப் பங்காளி வீட்டு அண்ணன் புதுவயலில் ரைஸ்மில் ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஆரம்பத்திலிருந்தே தனியார் பள்ளி, வேன், பீஸ். என் இளக்காரத்துக்கு முதல் ஆள் அவர்தான். கணக்கை மட்டும் பார்த்தால் அவரும்தான் ஊர்ப் பள்ளியின் எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்தவர். ஆனால் அவர் ஊரில் இருக்கிறார். பள்ளிக்கூட மோட்டார் பழுதானால் போன் போவது அவருக்கு. கிராமசபையில் எழுந்து பள்ளியின் சுற்றுச்சுவரைப் பற்றிக் கேட்டவர் அவர். தினமும் காலையில் தன் பிள்ளைகளை வேன் ஏற்றிவிட்டு அந்தப் பள்ளி வாசல் வழியாகத்தான் மில்லுக்குப் போகிறார். தான் எதை விட்டுவிட்டோம் என்பது அவர் கண்ணில் தினமும் படுகிறது. எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் வீட்டுக்குக் காற்றாடப் போன இடத்தில்.

மூன்றாவது டீச்சர் போன விஷயத்தை அவரிடம் சொன்னபோது, “நானாச்சும் பிள்ளையைத்தான் அனுப்பினேன். நீ வீட்டையே பூட்டிட்டுப் போயிட்டியேப்பா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேதான் சொன்னார்.

இதை நான் என் மனைவியிடம் பலமுறை பேசிவிட்டேன். அவளுடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: பிள்ளையை வைத்து நாம் கொள்கை பேச முடியாது. அவள் சொல்வது சரி. மகள் இப்போது அறிவியல் கண்காட்சிக்குத் தானே மாடல் செய்கிறாள், நூலகப் பீரியடில் வாரம் ஒரு புத்தகம் கொண்டுவருகிறாள். வந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. எந்தத் தகப்பனும் தன் பிள்ளைக்கு நல்லது தேடத்தான் செய்வான், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் தப்பென்று சொல்வது, குடிமாறியதாலேயே நான் சுத்தம், பீஸ் கட்டுகிறவர் அசுத்தம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேனே, அதை. இரண்டு பேருமே இருப்பதை வைத்து இல்லாதவர்களைத் தாண்டிப் போனவர்கள். அவர் கையில் ரசீது இருந்தது, அதனால் அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படிப் பார்த்தால் படிப்புக்காகக் குடிமாறுவது செட்டிநாட்டுக்குப் புதிதே இல்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன காலத்தில் ஆண்கள்தான் பெரும்பாலும் போனார்கள், குடும்பம் ஊரில் இருந்தது, சம்பாதித்த பணம் இங்கே வீடாக எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா கைவிட்டுப் போன பிறகு பிழைப்பு சென்னைக்கும் மதுரைக்கும் மாறியது. பிள்ளைகளை நல்ல பள்ளியில் போட வேண்டும் என்று குடும்பங்களும் கூடவே போயின. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்கையும் பற்றி எழுதுகிறார்கள். அந்த வீடுகளில் இருந்த பிள்ளைகள் போன பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடம் என்ன ஆனது என்று எழுதி நான் பார்த்ததில்லை.

எதிர்த் திசையில் யோசித்த மனிதரும் இதே மண்ணில்தான் இருந்தார். கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியார். காரைக்குடிப் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போவதற்குப் பதிலாக 1947-ல் கல்லூரியைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள். நானும் அப்படிப் படித்தவன்தான். அவர் செய்தது என்னைப் போன்ற சம்பளக்காரனால் ஆகிற காரியம் இல்லை என்பது தெரியும். ஆனால் அவர் பெயரில் உள்ள வளாகத்தைத் தினமும் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன், நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் நகரத்தாரிடம் புள்ளி என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஊருக்கு ஒரு புள்ளி. கோயில் செலவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி எழுதுவார்கள். அவன் சென்னையில் இருக்கட்டும், சிங்கப்பூரில் இருக்கட்டும், புள்ளி ஊரில்தான். என் தங்கை மாப்பிள்ளை அவர் ஊர்க் கோயிலுக்கு இன்றும் புள்ளி வரி அனுப்புகிறார், அந்த ஊரில் அவர் சேர்ந்தாற்போல் பத்து நாள் தங்கியதில்லை. குடிபோனால் கடமை போய்விடாது என்று எங்கள் பெரியவர்கள் கோயில் விஷயத்தில் என்றைக்கோ தீர்த்து வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூட விஷயத்தில் ஏன் அப்படி ஒன்று இல்லை என்பது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

2025 மாசியில் எங்கள் பங்காளிகளின் படைப்பு, முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற நாள். பெங்களூரிலிருந்து, சென்னையிலிருந்து, மலேசியாவிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கணக்கு நோட்டை விரித்தபோது நான் பேச்சை எடுத்தேன். நம்மில் இத்தனை புள்ளி பிள்ளைகளின் படிப்புக்காக ஊரை விட்டுப் போயிருக்கிறோம், ஊர்ப் பள்ளிக்கும் புள்ளிக்கு மாதம் 500 என்று எழுதினால் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாக ஒரு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்றேன். ஒரு பெரியவர், “அது சர்க்கார் பள்ளிக்கூடம்ப்பா. அதுக்கு நாம ஏன் எழுதணும்?” என்றார். நியாயமான கேள்வி. ஆசிரியரை நியமிப்பது அரசின் வேலை. நாம் காசு போட்டால் அரசு கையைக் கழுவிவிடும் என்ற பயம் எனக்கும் உண்டு. நான் பதில் சொல்வதற்குள் ரைஸ்மில் அண்ணன், “எம் பேரை எழுதுங்க” என்றார். தங்கை வீடியோ காலில் இருந்தாள், அவளும் எல்லோரையும் எழுதச் சொன்னாள். மொத்தம் 23 புள்ளியில் 14 பேர் எழுதினார்கள். மற்றவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

மாதம் 7,000 ரூபாய். மறுநாள் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை பெயர்களை ஒவ்வொன்றாக, விரல் வைத்து வாசித்தார். இந்தப் பெயர்களில் பாதிப் பேரை அவர் பார்த்ததுகூட இல்லை. வாசித்து முடித்து நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

“ரொம்பச் சந்தோஷம் சார். ஜூன்லருந்து ஒரு ஆளைப் போட்டுடலாம், எனக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனா அவங்க எத்தனை நாள் இருப்பாங்க சொல்லுங்க. போஸ்ட் திரும்ப வந்துச்சுன்னா அது நிக்கும். இப்ப 58 பேர் இருக்காங்க. அஞ்சாவது போறதும் ஒண்ணாவது வர்றதும் சரியாப் போயிடும். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதிக்கு மூணு பிள்ளை கொண்டாருவீங்களா?”

பார்க்கிறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது ஊரில் பள்ளி வயதில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாக நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபோது மகன் திண்ணையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். ஜூனில் அவன் நாலாம் வகுப்பு.